கதவு வைத்த கொட்டில்

எங்கள் முதல் அல்பம் வேலையில் நாங்கள் நாலு பேரும் சண்டை போடாத நாளே இல்லை. தாளம் முந்துகிறது, கிற்றார் அலறுகிறது, இன்றைக்கு யார் தேத்தண்ணி போடுவது என்று எல்லாவற்றுக்கும் சண்டை. ஆனால் அதெல்லாம் பாட்டுக்காகப் போட்ட சண்டை. நான் டிரம்ஸ் அடிப்பவன். புளூஸ் ரொக்குக்குக் கோபக்கார டிரம்ஸ்காரன் வேண்டும் என்று எங்கள் பாடகன் சொல்வான். அவனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள்.

கற்பிட்டியில் அவனுடைய வாப்பாவின் வெங்காயக் கொட்டகை அறுவடைக்கு முன்னால் காலியாகக் கிடக்கும். அங்கேதான் ஒலிப்பதிவு. எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் பழைய மெத்தைகளைச் சாத்தினோம். பக்கத்திலேயே பள்ளிவாசல். நண்பகல் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்லி, பின்னேர அஸர் வாங்கு கேட்பதற்குள் ஒரு பாட்டையாவது முடித்துவிட வேண்டும். உப்பளத்து வெயில், சொல்லாமல் போன காதலி, வராத பஸ், இவைதான் எங்கள் பாட்டுகள். ஒன்றில்கூட அகதி என்ற சொல் கிடையாது.

கொழும்பிலிருந்து வந்த தயாரிப்பாளர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி எந்த ஊர்?"

"இங்க பக்கத்தில, கரைத்தீவு."

"அதுக்கு முதல்?"

அதற்கு முதல் எனக்கு ஊரே இல்லை. நான் கரைத்தீவில் பிறந்தவன். உம்மாவும் வாப்பாவும்தான் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் அல்பத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்: 'அகதி'.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் அகதி. தண்ணீர் பவுசர் வரிசையில் அகதி. கல்யாணம் பேசப் போனால், "அகதி வீடா?" இத்தனை வருடம் என்னை இலவசமாகத் திட்டிய சொல்லை இப்போது என் முதுகில் ஒட்டி விற்கப் போகிறார்களாம்.

"மச்சான், பேர் எடுபடும். நீ சும்மா கோவப்படுறாய்," என்றான் பாடகன்.

"ஓம், எடுபடும். உன்ன ஒருத்தனும் அப்பிடிக் கூப்பிட்டதில்லதானே!"

கொட்டகை அதிரக் கத்தினேன். பெயரைக் கைவிட்டார்கள். ஒரு பாட்டின் தலைப்பையே அல்பத்துக்கும் வைத்தோம். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அட்டைப்படம் எடுக்கத் தயாரிப்பாளரும் கெமராக்காரரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முற்றத்தில் நாலு பேரும் நிற்கிற படம், அவ்வளவுதான் என்றார்கள். நான் டவுன் கடைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பி வந்தால் முற்றத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் நிற்கிறது. புதுக் கிடுகுக்குப் பழசாகத் தெரியக் கரி பூசியிருந்தார்கள். வாப்பா பாடுபட்டுக் கட்டிய கல்வீட்டை மறைத்துத்தான் அதை நட்டிருந்தார்கள்.

உம்மா வெளியே வந்து கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் கோபமே வரவில்லை.

"கதவெல்லாம் வச்சிருக்காங்க மகன். எங்களுக்கு எங்க கதவு இருந்திச்சி? சாக்கத்தானே தொங்க விட்டிருந்தம். நீ பிறந்ததும் அந்தச் சாக்குக்குப் பின்னாலதான்."

உடனே தயாரிப்பாளர், "அம்மா, அதையே கெமராவுக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்க," என்றார்.

பிறகு நடந்தது நினைவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாம் நினைவிருக்கிறது. முதலில் கதவைப் பிய்த்தேன். பிறகு கிடுகுகளை. கம்புகளைக் காலால் உதைத்தேன். உம்மாவுக்கு முன்னால் பேசக்கூடாத வார்த்தைகளையெல்லாம் பேசினேன். கை கிழிந்து இரத்தம் வந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அல்பம் வந்துவிட்டது. நல்ல அல்பம். அதையும் கோபத்தோடுதான் சொல்கிறேன். அட்டையில் நான் இருக்கிறேன். வாய் கோணி, கையில் கிழிந்த கிடுகோடு. பின்னால் பாதி சரிந்த கொட்டில். கல்வீட்டைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். சொந்தக் கொட்டில் இடிந்ததற்காக நான் கதறுகிறேன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் படத்தைப் போட என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "படத்தில உயிர் இருக்கு தம்பி," என்று தயாரிப்பாளர் தொலைபேசியில் சந்தோஷப்பட்டார்.

நான் சண்டை போட்டு வாங்கிய பெயர் படத்துக்கு மேலே இருக்கிறது. அதை ஒருவரும் வாசிப்பதில்லை.