மணப்பெண்ணின் நடைக்கு வாசிப்பவள்

வோனோகிரிப் பக்கம் கமலான் இசை ஒலிக்காமல் எந்த மணப்பெண்ணும் வாசல் தாண்டமாட்டாள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்கிற அந்த வெண்கல வாத்தியங்களை லாரியில் வரவழைக்க வசதியில்லாதவர்கள் சுமார்னியைக் கூப்பிடுவார்கள். அவள் ஸ்கூட்டரில், ஒரு கைப்பேசியோடு வந்து இறங்குவாள். ஆப்பைத் திறந்தால் தட்டு, மணி, மத்தளம், சேகண்டி மாதிரியான பெரிய கோங் எல்லாம் படமாக வரிசைகட்டி நிற்கும். ஒயரை ஸ்பீக்கரில் செருகிவிட்டு விரலால் தட்டவேண்டியதுதான்.

தட்டுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் வந்து தட்டிப் பார்க்கட்டும். வாரம் முழுக்கச் சலவைக் கடையில் இஸ்திரி போட்ட கை அது. போதாக்குறைக்கு, வாசிக்கும்போது மணப்பெண்ணின் காலைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. அவள் தயங்கினால் பாட்டும் தயங்கவேண்டும். அவள் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றதும் பெரிய கோங்கை ஒரே ஒரு முறை அடிக்கவேண்டும். அதைக் கேட்டதும்தான் இருவரும் வெற்றிலைச் சுருளை ஒருவர் மேல் ஒருவர் எறிவார்கள். பதினோரு வருஷமாகச் சுமார்னி கால்களைத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு பெண்ணின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அதனால்தான் மகள் வெனிங்கின் கல்யாணத்தில் வாசிக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மேடையில் பெற்றவர்களுக்கான நாற்காலியில் அவள் ஒருத்திதான். உட்கார்ந்து மகள் முகத்தைக் கண்குளிரப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. முதல் நாள் மகளை முற்றத்தில் நடக்கவிட்டு, அந்த நடைக்கு வாசித்துப் பதிவு செய்தாள். கைப்பேசியைத் தம்பி தர்மோவிடம் கொடுத்தாள்.

"ஒரு தடவ அமுக்கினாப் போதும். வேற எதையும் நோண்டாத."

"அக்கா, அமுக்குறதுக்குக்கூட எனக்குப் பாடம் எடுப்பியா?"

மறுநாள் வெனிங் வெளியே வந்தாள். சுமார்னி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பழக்கதோஷம், கண் நேராகக் காலுக்குத்தான் போயிற்று. இறுக்கிக் கட்டிய பாத்திக் துணி, உயரமான குதிகால் செருப்பு. பெண் அரையடி அரையடியாக ஊர்ந்தாள். நேற்று முற்றத்தில் நடந்தவள் போட்டிருந்தது ரப்பர் செருப்பும் நைட்டியும். நூறு மணப்பெண்களின் காலை அளந்தவள் சொந்த மகளின் காலைக் கோட்டை விட்டுவிட்டாள்.

வெனிங் பாதி தூரம்கூட வரவில்லை. ஸ்பீக்கரில் பெரிய கோங் கணீரென்று விழுந்தது. அங்கே காத்திருந்த மாப்பிள்ளை பகாஸ், பாவம், பழக்கப்பட்ட சத்தத்தைக் கேட்டதும் வெற்றிலையை எறிந்துவிட்டான். அது வெறுந்தரையில் விழுந்தது.

"மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் பாரு!" என்று யாரோ கத்த, பந்தலே சிரித்தது. வெனிங் நடுவழியில் நின்றுவிட்டாள்.

தர்மோ கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, திரும்ப அமுக்கவா?"

மறுபடியும் அதே வேகத்தில்தானே ஓடும். சுமார்னி எழுந்தாள். இஸ்திரி மேசையில் நின்று நின்று வீங்கிய காலோடு மேடையைவிட்டு இறங்கி, தர்மோ இருந்த மூலைக்குப் போய்க் கைப்பேசியை வாங்கினாள். அவளுக்கு அழுகையாக வந்தது, ஆனால் கலங்கிய கண்ணுக்குக் கால் தெரியாது. விரல் தொடங்கியது. குதிகால் செருப்பு ஒன்று அசைந்தது, பிறகு மற்றொன்று. அவை மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றதும் கோங்கை அடித்தாள். வெற்றிலை பறந்தது, எல்லோரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்து ஆர்ப்பரித்தார்கள். சுமார்னி பார்த்தது இரண்டு பாதங்களை.

அடுத்தது பெற்றவர் காலில் விழும் சடங்கு. அதற்கும் மெதுவான ஒரு பாட்டு உண்டு. சுமார்னி ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.

"ஊருக்கெல்லாம் வாசிச்சவ, பெத்த பொண்ணுக்கு ஊமையா உட்காந்துட்டா பாரேன்" என்றது ஒரு குரல். சொல்லிக்கொள்ளட்டும்.

வெனிங் மண்டியிட்டு அவள் மடியில் தலை வைத்தாள். பந்தலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"அம்மா, பாட்டு போடலயா?"

"கெடக்குது விடு. மொகத்தக் காட்டுடி."