கை தேடுகிற இடம்

“கையைத் தொங்கவிடு கண்ணு. எதையும் யோசிக்காத.” குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். சிறுமியின் கை தானாக இறங்கி, விரல்நுனி உடையில் எங்கே படுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கீறல். “இதான் பாக்கெட் வர்ற இடம். கை தேடுற இடத்துலதான் வைக்கணும்.”

எங்கள் தெருத் தையல்காரர். ‘பாக்கெட் அக்கா’ என்று பெயரே விழுந்துவிட்டது. எதிரிலுள்ள பள்ளியின் சீருடைகள் முழுக்க இவர் தைப்பதுதான். வருஷம் முழுக்க அடுப்பு எரிவது அந்த ஒரே ஆர்டரால். பையன்களின் உடையில் எங்கு தொட்டாலும் பாக்கெட். பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. இந்த வருஷம் யாரையும் கேட்காமல் அக்கா எல்லாப் பெண்களுக்கும் வைத்துவிட்டார்!

“எதுக்குக்கா இந்த வேலை?” என்றேன்.

“உங்க பொண்ணு நாப்கினைக் கைக்குள்ள பொத்திக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடுறத நீங்க பாத்ததில்ல. பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கப் போனப்ப நான் பாத்தேன்.”

எனக்குச் சுருக்கென்றது. என் சட்டை பேண்ட்டில் எத்தனை பாக்கெட் என்று அன்றைக்குத்தான் தடவிப் பார்த்தேன்.

தலைமையாசிரியை கொதித்துப்போய் ஆளனுப்பினார். பாக்கெட்டையெல்லாம் மூடித் தைக்காவிட்டால் அடுத்த வருஷம் ஆர்டர் இல்லையாம். அக்காவுக்குப் பொத்தான் தைத்துத் தரும் அவர் நாத்தனார் பதறிப்போனார். “அண்ணி, வம்பை விலைக்கு வாங்காதீங்க. தச்சுக் குடுத்துடலாம்.”

“நீ வேணா தை. எனக்குக் கை வராது.”

நாத்தனாரும் தைக்கவில்லை. ஆனால் சேதியைத் தெருவெல்லாம் பரப்பியது அவர்தான். மறுநாளே அம்மாக்கள் படையெடுத்தார்கள். வேலைக்குப் போடும் உடை, வீட்டு நைட்டி, எல்லாவற்றுக்கும், “எனக்கும் ஒண்ணு வைங்கக்கா!” என் மனைவி ரெண்டு வைத்துக்கொண்டாள்.

பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை பொரிந்து தள்ளினார். “பொம்பளப் புள்ளைங்க பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு நின்னா பாக்க நல்லாவா இருக்கு?” கேட்டுவிட்டு நிமிர்ந்தார். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார், பாக்கெட்டில் கை. பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் கூடமே எழுந்துவிட்டது! எனக்கு விசிலடிக்கவேண்டும் போலிருந்தது. மனைவி முறைத்ததால் வாயை மூடிக்கொண்டேன். தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்தார், பேச்சை மாற்றினார். ஆர்டர் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை. அக்கா அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை என்று நாத்தனார் சொன்னார்.

நேற்று மகளின் உடையை வாங்கப் போயிருந்தேன். வாசலில் தலைமையாசிரியை, கையில் புதுத்துணி. தையல் மெஷின் நின்றது. நாத்தனார் பொத்தானைக் கீழே போட்டார்.

“எனக்கு ஒண்ணு தைக்கணும்.”

“வாங்க டீச்சர்.” தோள், கை, நீளம் என்று அக்கா அளவெடுத்தார். பாக்கெட் பேச்சையே எடுக்கவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “அவ்வளவுதான் டீச்சர்” என்றார்.

தலைமையாசிரியை நகரவில்லை. கைப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை மெல்லத் தொங்கவிட்டார்.