தலைவிளக்கின் இரண்டு பேட்டரிகள்

நானும் அண்ணனும் சின்ன வயதில் விளையாடிய கையடக்க கேமை என் மகள் பழைய பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டு சுவர்க்கடிகாரங்களிலிருந்து கழற்றிய பேட்டரிகளைப் போட்டு விளையாடினாள். சற்று நேரத்தில், பேட்டரி தீர்வதைக் காட்டும் சிவப்பு விளக்கு ஓரத்தில் மினுக்கியது.

அன்று செரண்டா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து எங்கள் வீட்டிலும் அதே சிவப்பு மினுக்கல்தான். அது போர் விளையாட்டு. நாம் படையை நகர்த்திய பிறகு எதிரி நகர்த்துவான். அவன் கோட்டை விழ ஒரே ஒரு நகர்த்தல் பாக்கி.

"வேணாம் லா, காலையில அப்பா மரம் வெட்டணும்" என்றான் அண்ணன். நான் கேட்கவில்லை. விடியுமுன் பால்மரம் வெட்ட அப்பா நெற்றியில் கட்டிக்கொள்ளும் தலைவிளக்கைத் திறந்து, அதன் பேட்டரிகளைக் கேமில் போட்டு, தீர்ந்துபோனவற்றை விளக்கில் வைத்தேன். கோட்டை விழுந்தது. திரும்ப மாற்ற மறந்து தூங்கிவிட்டேன்.

காலையில் அப்பா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். துண்டெல்லாம் ரத்தம். விளக்கு அணைந்து, உளி வழுக்கி, ஆட்காட்டி விரலின் நுனி போயிருந்தது.

"கடைக்காரன் செத்த பேட்டரிய குடுத்துட்டான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடமாகத் திறக்கவில்லை.

இப்போது எங்களோடு இருக்கும் அப்பா, பேத்தியின் கையில் மினுக்கிய விளக்கைப் பார்த்தார். டிவி ரிமோட்டைத் திறந்து, அந்தக் குட்டை விரலால் பேட்டரிகளை நெம்பி எடுத்து நீட்டினார்.

"இத போட்டுக்கம்மா. உங்கம்மா மாதிரி தலைலைட்டுல கை வெச்சிடாத."