ஸலாம் கொடுத்த விமானி

தில்லையடியில் மருந்துக்கடை வைத்திருந்த அந்த மனிதரை ஒரு சனிக்கிழமை மாத்திரமே சந்தித்தேன். மெலிந்த உடல், நூலால் கழுத்தில் கட்டிய மூக்குக்கண்ணாடி. பெட்டியில் துண்டுகளாக வந்த, ரிமோட்டில் பறக்கும் இரட்டை இறக்கை விமான மாதிரியை ஏழு மாதம் இருந்து ஒட்டியிருந்தார். மாம்புரிக் கடற்கரையில் அன்றுதான் அது முதன்முதலாகப் பறந்தது.

விமானம் தன் பக்கம் வரும்போதெல்லாம் அவர் அதற்கு முதுகைக் காட்டி நிற்பார்.

"அது போற பக்கம் நானும் பாத்தாத்தான் இடது வலது மாறாது," என்றார்.

இறக்கும்போதும் அப்படித்தான். மோட்டாரை நிறுத்தி, ரிமோட்டை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, காற்று வந்த கடற்பக்கம் பார்த்து நின்றார். தொழும் திசையான கிப்லாவும் அந்தப் பக்கமே. பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வேறு. தொழுகைக்காகக் கைகால் கழுவி வுளுவோடு வந்த முதிய மீனவர் ஒருவர், இவர் தொழுகிறார் என்று நினைத்து சேர்ந்து தொழ வலப்பக்கத்தில் தக்பீர் சொல்லிக் கைகட்டி நின்றுவிட்டார்.

விமானத்தைப் பார்க்க வலப்பக்கம் தலையைத் திருப்பிய மருந்துக்கடைக்காரர் திடுக்கிட்டார். விமானம் இறங்கவேண்டிய இடத்தில் மீனவர்! சட்டென்று அதை மேலே தூக்கினார். அது இருவர் தலைக்கும் மேலால் போய்க் கடலில் விழுந்தது.

மீனவர் கண்டது தலை திரும்பியதை மட்டும்தான். தொழுகையை முடிக்கும் ஸலாமில்தான் அப்படி வலப்பக்கம் தலை திரும்பும்.

"என்ன தம்பி, இப்பதான் தக்பீர் கட்டினேன். அதுக்குள்ள ஸலாம் குடுத்திட்டீங்க?"

"வுளு முறிஞ்சிட்டு, காக்கா. முதல்ல இருந்து தொழுவோம்," என்றார் மருந்துக்கடைக்காரர், அண்ணன் முறை வைத்து.

விமானம் மிதந்த அதே கடலில் வுளுச் செய்துவந்து, தொழுவிக்கத் தொடங்கினார். நான் இடுப்பளவு நீரில் இறங்கி விமானத்தை எடுத்துவந்தேன். நான்கு ரக்அத் தொழுகையும் நிதானமாகவே முடிந்தது. என் கையில் இருந்த உடைந்த இறக்கையில் அவர் கண் ஒரு தடவையாவது பட்டதா? உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிடிபடவில்லை.