காமாட்சியிடம் அம்மா கேட்க வந்த கேள்வி

தம்பி இறந்த பிறகு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போகச் சொன்னாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம் இல்லை. அப்பாவின் தாத்தா கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த இடத்தில் பௌத்தராக மாறியவர். மாரிகுப்பத்தில் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் இருந்தது ஒரு புத்தர் படம் மட்டும்தான். பௌர்ணமி அன்று வெள்ளை உடுத்தி, மெழுகுவத்தி ஏற்றி, எல்லோரும் சேர்ந்து 'புத்தம் சரணம் கச்சாமி' என்று மூன்று வரி சரணம் சொல்லுவோம். அம்மா மட்டும் சாமி கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்து அப்பாவிடம்தான் சரணம் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து வந்து அவர் குளிப்பதற்குள் மெழுகுவத்தியை ஏற்றி வைத்திருப்பாள். நெஞ்சில் தூசி அடைந்து அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அதை ஒரு சாயங்காலம்கூட விடவில்லை.

"காஞ்சிபுரத்துல யாருமா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"காமாட்சி இருக்கா," என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தானாம். அப்பா சுரங்கத்துக்குள் இருந்த நேரம். பிள்ளை பிழைத்தால் உன் சன்னதியில் கிடத்தி எடுக்கிறேன் என்று அம்மா காமாட்சியை வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். அப்பாவிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. "நீ போறதுன்னா போ. என் புள்ளய எந்த சாமி முன்னாலயும் கிடத்தாத," என்று மட்டும் சொன்னாராம். அம்மா போகவே இல்லை. சுரங்கம் மூடியது. தம்பி பெரியவனாகி, விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தான். ஒரு நாள் வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

"சொன்ன சொல்ல நான் காப்பாத்தல பாப்பா. அதுக்காகத்தான் அவன எடுத்துகினாளான்னு அவளாண்ட ஒரு வார்த்த கேக்கணும். வேற ஒண்ணும் வாணாம்."

"ரத்தக் குழாய்ல அடைப்புன்னு டாக்டர் சொன்னாரே மா."

"அடைப்ப யாரு வெச்சா?"

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். பங்காருப்பேட்டையில் ரயில் மாறி, அரக்கோணத்தில் இறங்கி, பஸ் பிடித்தோம். வழி கேட்பதற்குக்கூட எனக்கு வாய் வராது. கேட்டதெல்லாம் அம்மாதான்.

காஞ்சிபுரத்தில் ஏறிய ஆட்டோவின் டிரைவர் வாயாடி. எந்த ஊர் என்று கேட்டார். கேஜிஎஃப் என்று அம்மா சொன்னதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"தங்கம் வெட்ற ஊரா? கழுத்துல ஒண்ணயும் காணோமே!"

"வெட்டி எல்லாம் குடுத்தாச்சு. எடுத்துனு போனவங்கள போய் கேளுப்பா."

அவர் சிரித்துவிட்டார். அந்தக் காலத்து ராஜாக்களின் தலைநகரத்துக்கு வந்துவிட்டு ராஜா கட்டிய கோயிலைப் பார்க்காமல் போகக்கூடாது என்று, நாங்கள் கேட்காமலே முதலில் கைலாசநாதர் கோயிலுக்கு வண்டியை விட்டார்.

"ராஜாவோட அரமன எங்க கீது?" என்று கேட்டாள் அம்மா.

"அதெல்லாம் மண்ணுக்குள்ள போச்சும்மா. கோயிலுங்கதான் நிக்குது."

கோயில் மணல் நிறத்தில் அமைதியாக இருந்தது. மதிலை ஒட்டி உள்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள். வெயில் ஏறுகிறதே என்று நான் அவசரப்பட்டேன். அம்மா ஒரு மாடத்தின் முன்னால் குனிந்தவள் நிமிரவில்லை. உள்ளே சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருக்க, நடுவில் குழந்தை. கல் தேய்ந்து குழந்தைக்கு முகம் இல்லை. அடுத்த மாடத்திலும் அதே மாதிரி அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. அதற்கடுத்ததிலும் அப்படித்தான். அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

"எல்லாத்துலயும் புள்ளய வெச்சினு உக்காந்துகினு கீறாங்க," என்றாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் அவளை வெளியே கூட்டி வந்துவிட்டேன்.

காமாட்சி கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். வரிசையில் நிற்கும்போது அம்மாவின் உதடு அசைந்தபடியே இருந்தது. கேட்கவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறாள் என்று தெரிந்தது. பின்னால் நின்ற ஒரு பெண் என்னிடம், "அம்மா இன்னா, லலிதா சகஸ்ரநாமமா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உள்ளே போனதும் விளக்கு வெளிச்சத்தில் கரும்பும் கையுமாக அம்மன் தெரிந்தாள். "நவுருங்க, நவுருங்க," என்று ஒரு ஆள் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா கை குவித்தாள். வாய் திறந்தாள். வந்தது அப்பாவின் சரணம். பௌர்ணமிக்கு எல்லோரும் சேர்ந்து சொல்கிற அதே ராகத்தில், சத்தமாக, மூன்று வரிகளும் வந்தன. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. முடித்ததும் மறுபடியும் முதல் வரி. அர்ச்சகர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவள் கையில் குங்குமம் வைத்தார். அதற்குள் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

குளத்துப் படியில் அம்மா உட்கார்ந்தாள். குங்குமத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையை விரித்தபடியே வைத்திருந்தாள்.

வாசலில் நின்ற காவலாளியிடம் நானே போய்ப் பேசினேன். அப்படி ஒரு வேற்று ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது எனக்கே நம்ப முடியவில்லை. வயசானவங்க, இன்னொரு தரம் ஒரு நிமிஷம் நிக்க விடுங்க என்றேன். கூட்டிட்டு வாங்க, விடுறேன் என்றார்.

அம்மா வரமாட்டேன் என்றாள்.

"எத்தினி தரம் போனாலும் அதேதான் வரும் பாப்பா. உங்கப்பா பழக்குன வாயி இது. நீ போய் கேளு."

"எனக்குக் கும்பிடவே தெரியாதேமா."

"கும்பிட வாணாம். கேட்டுட்டு வா."

போனேன். வரிசையில் முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்து அவளைப் போலவே கையைக் குவித்தேன். அம்மன் முகம் எனக்கு நேராக இருந்தது. அம்மாவின் கேள்வி வாய்வரை வந்தது, ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. ஆமாம் என்று ஏதாவது ஒரு வழியில் எனக்குத் தோன்றிவிட்டால், அதை வைத்துக்கொண்டு நான் எப்படி அம்மாவோடு ஊர் திரும்புவேன்? "எங்கம்மா வெளிய உக்காந்துனு கீறாங்க," என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

திரும்பி வந்தபோது அம்மா எழுந்து நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் உள்ளே போய் வந்தவர்களைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னா?"

"அதுக்காக இல்லயாம் மா. அவனுக்கு ஆயுசு அவ்ளோதானாம்."

அம்மா குங்குமம் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் தொட்டாள்.

"உனக்கு சின்ன வயசுலருந்தே பொய் சொல்ல வராது," என்றாள்.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. குளத்துக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே நின்றேன்.