பச்சை வளையம் போட்ட சீடி

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு வந்து குவிந்த சாமான்களில் கம்பளிச் சட்டையும் இருந்தது, பழைய கொம்பியூட்டரும் இருந்தது. மட்டக்களப்பு வெயிலில் கம்பளிச் சட்டையை யார் போடுவது? கொம்பியூட்டராவது ஓடும் என்று பார்த்தால் அது தவழ்ந்தது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் விழும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

நான் அப்போது நகரத்தில் ஒரு ஒழுங்கைக்குள் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தேன். "பொம்பிளயா திருத்துற?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் போகட்டும். நிவாரண நிறுவனம் ஒன்று கரையோர முகாம்களுக்குக் கொடுத்த மெசின்கள் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்தன. திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கம்பனியின் புரோசசர். விளம்பரத்தில் வரும் பெரிய கம்பனி அல்ல, விலை குறைந்த மற்றக் கம்பனி. கெட்ட சாமான் அல்ல அது. ஆனால் வெளியில் கிடைக்கும் மென்பொருள் எந்த மெசினிலும் ஓட வேண்டும் என்று பொதுவாகச் செய்யப்பட்டது. இந்தப் புரோசசருக்கென்று இருந்த விசேஷத் திறமைகளை அது தொட்டும் பார்ப்பதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளத்தின் மூலநிரலை எடுத்து, அந்தப் புரோசசருக்கே விளங்கும் வடிவத்துக்கு மாற்றி என் மெசினில் கொம்பைல் பண்ணினேன். பாதியில் கரண்ட் போகும். முதலிலிருந்து தொடங்குவேன். திரும்பவும் போகும். திட்டித் திட்டியே அதை முடித்தேன். தமிழ் எழுத்து, தட்டச்சுப் பயிற்சி, படம் கீறும் புரோகிராம் எல்லாம் ஒரே சீடியில் அடங்கின. தவழ்ந்த மெசினில் அதைப் போட்டேன். எழும்பி ஓடியது. சீடியைக் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாதான் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சீடி கொடுத்தால் ஊருக்கே கொடுத்த மாதிரி. கொப்பி அடித்து பஸ் கொண்டக்டர் கையில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "இந்தப் புரோசசருக்கு மட்டும்" என்று எழுதிப் பார்த்தேன். ஒருவரும் வாசிக்கவில்லை. பெரிய கம்பனி மெசினில் போட்டு, அது கறுத்த திரையோடு நின்றதும், "அக்கா, உங்கட சீடி பழுது" என்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள். அதனால் எழுதுவதை விட்டுவிட்டு, சீடியில் பச்சை மார்க்கரால் ஒரு வளையம் கீறினேன். பொருந்தும் மெசினின் பெட்டியில் ஒரு பச்சைப் பொட்டு வைத்தேன். பச்சைக்குப் பச்சை. அதற்குப் பிறகு யாரும் பிழை விடவில்லை.

சோதனைச் சாவடிக்கு அப்பால், கதிரவெளியில் ஒரு தம்பி தகரக் கொட்டிலில் முகாம் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினான். என்னிடம் வந்து ஒரு கட்டுச் சீடி வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனான். அடுத்த நாள் விடிய அவன் மனைவி என் கடை வாசலில் நின்றாள்.

"அக்கா, இவர செக்பொயின்ற்ல மறிச்சி வெச்சிரிக்காங்க. நேத்துல இரிந்து விடுறாங்க இல்ல. சீடிக்குள்ள என்ன இரிக்கி எண்டு கேக்காங்களாம்."

"போட்டுப் பாக்கச் சொல்லன் புள்ள."

"போட்டவங்களாம் அக்கா. ஓடல்லயாம்."

சோதனைச் சாவடியில் இருந்தது பெரிய கம்பனியின் மெசின் என்று சொல்லாமலே விளங்கிவிட்டது. சாவடிக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் அவர்களோடு சண்டை பிடித்த இயக்கம். இங்கிருந்து அங்கே போகும் ஒரு கட்டுச் சீடி. ஒன்றும் திறக்காது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் பச்சை வளையம். பெயருக்குச் சமாதானம் நடந்த காலம் அது. விசாரணைக்கென்று போனவர்கள் வீடு திரும்பாத காலமும் அதுதான்.

நிவாரண நிறுவனத்துக்கு ஓடினேன். கொழும்பிலிருந்து வந்திருந்த பொறியியலாளர் ஏசி அறையில் இருந்தார்.

"உங்கட மெசினுக்குச் செஞ்ச சீடிதான் எண்டு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க சேர்."

"அது நாங்கள் அனுமதிச்ச மென்பொருள் இல்லையே, மிஸ். அதுக்கு நாங்கள் பொறுப்பெடுக்க ஏலாது."

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம். பிள்ளைகள் கொம்பியூட்டருக்கு முன்னால் சிரிக்கிறார்கள். திரையில் ஓடுவது என் சீடி.

"அப்ப அந்தப் படத்தக் கழட்டுங்க."

"சத்தம் போடாதீங்க, மிஸ்."

கழற்றவில்லை. என் ஆத்திரத்தில் பாதி இன்றைக்கும் அந்த ஆள்மீதுதான். சாவடியில் துவக்கு வைத்திருந்தவனுக்காவது பயம் இருந்தது. இவருக்கு என்ன இருந்தது?

திருத்த வந்திருந்த பச்சைப் பொட்டு மெசின் ஒன்றைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். மொனிட்டரை அந்தப் பெண் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, சீதனச் சாமானா?" என்றான் ஆட்டோக்காரன்.

"வாயப் பொத்திட்டு ஓட்டு."

சாவடியில் தம்பி மரத்தடியில் குந்தியிருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மனைவியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது ஏன் ஓடுறது இல்ல? இந்தப் பச்சை என்ன சிக்னல்?" என்று அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"உங்கட மெசினுக்குச் செஞ்சதில்ல இது. இந்த மெசினுக்குச் செஞ்சது. கரண்ட் தாங்க, காட்டுறன்."

ஜெனரேட்டரைப் போட்டார்கள். கட்டிலிருந்து ஒரு சீடியை அதிகாரியே எடுத்துப் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உலகத்தில் உள்ள எல்லாப் புரோசசர் கம்பனிகளையும் மனதுக்குள் தூஷணத்தால் திட்டினேன். பிறகு தமிழ் எழுத்து வந்தது. படம் கீறும் புரோகிராம் வந்தது. அதிகாரி மவுசைப் பிடித்து ஒரு வீடு கீறினான். பக்கத்தில் தென்னை மரம் ஒன்றும் கீறினான். நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியை எழும்பச் சொன்னார்கள்.

"அக்கா, நம்ம மெசினுக்கும் ஒண்டு செய்து தாங்க. இது நல்ல வேகம்."

தம்பியை அறைந்த கையால் அதிகாரி சீடி கேட்டான். தம்பி அந்த வழியால்தான் தினமும் போய்வர வேண்டும். அதனால் செய்து கொடுத்தேன். அவன் மெசினுக்கென்று ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. எல்லா மெசினிலும் ஓடுகிற, எல்லா மெசினிலும் ஊர்கிற பொதுச் சீடி. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் கொடுத்தேன். "அக்காட சீடி முந்தின மாதிரி இல்ல" என்றார்கள். இல்லைதான். மற்றவன் மெசினில் திறக்காத சீடி ஒரு ஆளின் உயிரைக் கேட்கும் ஊரில் வேகம் எதற்கு?

பிறகு சண்டை தொடங்கி, கதிரவெளிச் சனம் உடுத்த துணியோடு ஓடியது. கொட்டிலும் போனது, மெசின்களும் போயின. தம்பி குடும்பத்தோடு தப்பினான். எல்லாம் முடிந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பியபோது, ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்து, அங்கிருந்து போன் எடுத்தான்.

"அக்கா, இஞ்ச பழைய மெசின் கொஞ்சம் கிடக்கு. வகுப்புக்குத் தாறாங்களாம். எல்லாம் நம்மட பச்சைப் பொட்டு இனம். முந்தின மாதிரி ஒண்டு செஞ்சி தாங்களன்."

"உனக்கு விசரா? வாங்கின அடி காணாதா?"

"அடி வாங்கினது நான். நீங்க ஏன் நிப்பாட்டின?"

போனை வைத்துவிட்டு மூலநிரலை இறக்கத் தொடங்கினேன்.

செய்து கொடுத்தேன். நன்றாக ஓடியது. ஆனால் வளையம் கீறவில்லை. எந்தப் புரோசசருக்கு, உள்ளே என்ன, யார் செய்தது என்று ஒவ்வொரு சீடியிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இடம் விடாமல் எழுதினேன். பாசிக்குடாவில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. வழியில் சாவடியும் இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். எழுதாமல் கொடுக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.