கதிரை உயரத்தில் ஒரு தொங்குபடுக்கை

மச்சாள் அந்தத் துணியை முதலில் மூக்கில் வைத்துத்தான் பார்த்தார். கொழும்பிலிருந்து பார்சலில் வந்த தொங்குபடுக்கை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பைக்குள் இருந்து இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது. முற்றத்தில் நின்றபடி அதன் நுனியை முகர்ந்தார், இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தறப்பாள் மணம் இல்லை. அப்ப வைச்சிருக்கலாம்" என்றார். எத்தனை கிலோ தாங்கும் என்று பையில் எழுதியிருந்ததை நான் வாசிக்க வாயெடுத்தேன். கையை அசைத்து நிறுத்திவிட்டார். மணம் சரியென்றால் மற்றதெல்லாம் பிறகு.

மச்சாள் என் கணவரின் அக்கா; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட ஆறு வயது கூட. முள்ளியவளையில் ஒரே வேலிக்குள் எங்களுக்கு இரண்டு வீடுகள். அவருடைய குசினிப் புகை என் வீட்டுக்குள் வரும், என் கோழிகள் அவருடைய கீரைப் பாத்திக்குள் போகும். கூட்டுறவுச் சங்கக் கடையின் புடைவைப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்தவர் என்பதால் எந்தத் துணியையும் மணந்தும் தேய்த்தும் பார்த்துத்தான் நம்புவார். மனிதர்களையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மச்சாள் முறைக்குப் பகிடி விட உரிமை உண்டு, அந்த உரிமையை அவர் ஒருநாளும் வீணாக்கியதில்லை. எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தபோது ஊரெல்லாம் ஆறுதல் சொல்லியது. அவர் மட்டும், "இனிப்பான ஆளெண்டு தம்பி சொல்லேக்க நான் நம்பேல்லை" என்றார்.

அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. சண்டையின் கடைசி மாதங்களில் இடுப்பில் எறிகணைச் செல் துண்டு பட்டு எழும்ப முடியாமல் கிடந்தபோது, "எழும்பி நடந்தனெண்டால் கதிர்காமத்துக்கு நடந்தே வாறன்" என்று முருகனிடம் சொல்லியிருக்கிறார். எழும்பினார், நடந்தார். துண்டை எடுக்கப் போனால் ஆபத்து என்று வைத்தியர்கள் அதை உள்ளேயே விட்டுவிட்டார்கள். பகல் முழுவதும் நடக்கச் சொன்னால் நடப்பார். கதிரையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் தானாகவே எழும்புவார். நிலத்தில் ஒரு இரவு படுத்தால் மட்டும் முடிந்தது கதை. இடுப்பு பூட்டிக்கொள்ளும், இரண்டு பேர் தூக்கவேண்டும். வடக்கிலிருந்து கரையோரமாகவே கதிர்காமம் வரை போகிற அந்த நடைபயணத்தில் கட்டிலுக்கு எங்கே போவது? கோயில் மண்டபமும் மரத்தடியும் மணலும்தான், அதுவும் ஒரு மாதத்துக்கு மேல். எங்கள் பக்கத்துக் குழுவை நடத்திச் செல்பவரைச் சாமி என்றே எல்லோரும் அழைப்போம். மச்சாள் இரண்டு வருடம் தொடர்ந்து கேட்டும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "அக்கா, விடிய எழும்பி நடக்கிற ஆக்கள்தான் வரலாம்."

வழியில் தூக்கிவிட ஆள் இல்லாமல் போகாது. அத்தனை சனம் நடக்கிற பாதை. ஆனால் மச்சாள் தன்னைத் தூக்க யாரையும் விடமாட்டார். இடுப்பில் பட்ட அன்று, முன்பின் தெரியாத இரண்டு பேர் அவரைப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக் கொட்டிலில் இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்டுத் திரும்பிய இருவரில் ஒருவர் அந்த வாசலிலேயே செல் பட்டு விழுந்து இறந்தார். அவருடைய பெயர்கூட மச்சாளுக்குத் தெரியாது. "என்னைத் தூக்க வராட்டி அந்த மனுசன் அந்த இடத்தில நிண்டிராது" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு என் கணவர் கை கொடுக்கப் போனால்கூடத் தட்டிவிடுவார். நான் இதைப் பற்றி அவரோடு வாதாடியதில்லை. வாதாடி என்ன பயன்?

தொங்குபடுக்கை என்ற யோசனை கொழும்பில் வேலை செய்யும் என் மகனுடையது. மலையேறப் போகிற வெள்ளைக்காரர் எல்லாம் மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிறார்கள் என்று போனில் படங்களை அனுப்பினான். முதலில் முல்லைத்தீவில் வலை விற்கிற கடைக்குப் போனோம். அங்கே இருந்தது முடிச்சுப் போட்ட நைலோன் வலை. மச்சாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "விடிய என்னை மீனெண்டு ஆரும் ஏலத்தில கூறிப் போடுவினம்" என்றார். பிறகு மாமர நிழலில் இருந்து போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லோரும் நல்லதென்று எழுதியிருந்தது ஆமிக்காரரின் உடுப்பு மாதிரிப் புள்ளி போட்டது. "உதைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டால் என்னைக் கதிர்காமத்துக்கு இல்லை, வேற இடத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவினம்" என்று தள்ளிவிட்டார். நுளம்பு கடிக்காமல் வலையோடு சேர்த்துத் தைத்ததற்கு இழுத்து மூடுகிற சிப் இருந்தது. "சிப்பைத் தேடி முடிக்கிறதுக்குள்ள யானை வந்து பாத்திட்டுப் போயிடும்." கடைசியில் வலை இல்லாத, நாவற்பழ நிறத்தில் வழுவழுப்பான துணி ஒன்றைத் தேர்ந்தார். மரத்தை அறுக்காத அகலமான பட்டிகள் கூடவே வந்தன. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்தால் கதிரை உயரத்தில் இருக்கவேண்டும், இரண்டு காலும் நிலத்தில் முட்டவேண்டும்.

கட்டியதில்தான் பிழை விட்டோம். மாமரத்தில் ஒரு பக்கத்தை அவர் கட்டினார், வேம்பில் மறுபக்கத்தை நான் கட்டினேன். இருவரும் காலை மரத்தில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்துக் கட்டினோம். துணி மேசை மாதிரி விறைத்து நின்றது. தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டோம். எங்களைச் சொல்லிக் குற்றமில்லை. சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமில் எங்களுக்குக் கைவந்த ஒரே வித்தை அதுதானே. கூடாரத் தறப்பாளைத் தொய்ய விட்டால் மழைத்தண்ணீர் தேங்கிக் கூரை தலையில் இறங்கும். தொய்ந்த கயிற்றைக் கண்டால் யாருடைய கூடாரம் என்றுகூடப் பார்க்காமல் இழுத்துக் கட்டிவிட்டுப் போகிற சனமாக மாறியிருந்தோம். இப்போதும் என் கொடிக்கயிற்றில் விரலால் தட்டினால் சத்தம் வரும்.

மச்சாள் ஏறிச் சரிந்தார். படுக்கை ஒரு புரட்டுப் புரட்டியது. அடுத்த கணம் அவர் மணலில் கிடந்தார். ஐயோ என்று ஓடிப் போய்க் குனிந்தேன். "தொடாதையும்!" என்று கத்தினார். அவர் என்னைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு தடவைதான். மாமரத்தடிக் கதிரை பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தப் பத்தடியையும் கைகளால் ஊர்ந்து போய், கதிரையின் காலைப் பிடித்து, பிறகு அதன் கைப்பிடியைப் பிடித்து எழும்பினார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. நான் வேம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால் அவர் மேல்தான். உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது, இனி இந்தக் கதிர்காமக் கதை முடிந்தது என்று. அந்த நிம்மதியை நினைக்க இப்போதும் வெட்கமாயிருக்கிறது.

முடியவில்லை. அன்று பின்னேரமே மகனுக்குப் போன் எடுக்கச் சொன்னார். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "மாமி, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கோணும். படுக்கேக்க கோணலாப் படுங்கோ" என்றான். மச்சாளுக்கு மனம் வரவில்லை. "தொய்ஞ்சால் தண்ணி நிக்குமடா." நான் குறுக்கிட்டேன். "மச்சாள், இதில தண்ணி நிக்காது. நீங்கள்தான் எழும்பி நிக்கப் போறியள்." சிரித்துவிட்டார். பட்டியை நான்தான் தளர்த்தினேன். என் கை கூசியது. துணி நடுவில் தாழ்ந்து கதிரை உயரத்துக்கு வந்து நின்றது. மெல்ல இருந்தார், காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், கோணலாகச் சரிந்தார், இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டார். எழும்பும்போது நான் வேண்டுமென்றே கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அவர் நின்றுகொண்டிருந்தார். "தேத்தண்ணி வையும்" என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு சாமி வந்து பார்த்தார். மச்சாள் படுத்துக் காட்டினார், எழும்பிக் காட்டினார். சாமி தாடியைத் தடவிக்கொண்டு, "ஓம், வாங்கோ. ஆனால் தங்கச்சியும் வரட்டும்" என்று என்னைக் காட்டினார். அப்படித்தான், நேர்த்தியே இல்லாத நான் போன வருடம் கதிர்காமத்துக்கு நடக்கத் தொடங்கினேன். இடத்துக்கு இடம் இரண்டு நல்ல மரம் தேடுவது என் வேலை. கோயில் மரத்தில் கட்டக்கூடாது, பட்ட மரத்தில் கட்டக்கூடாது, பனையடியில் கட்டினால் ஓலை விழும். ஒவ்வொரு விடியலும் அவர் தானாக எழும்பி நின்றார். விழுந்தது நான்தான். திருகோணமலைக்குக் கிட்டக் குதிகாலில் வந்த கொப்புளம், சீனி வருத்தக்காரியின் கால் அல்லவா, இரண்டு நாளில் சீழ் கட்டியது. ஆஸ்பத்திரியில் திரும்பிப் போ என்றார்கள். "நீங்களும் வாங்கோ மச்சாள், அடுத்த வருசம் பாப்பம்" என்று கெஞ்சினேன். "நீர் போம். நான் எழும்புவன்" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ்ஸில் நான் அழுதேன், காலுக்காக அல்ல.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் போன் வரும். ஒரு சொல்தான். "எழும்பிட்டன்." வைத்துவிடுவார். மட்டக்களப்பு தாண்டி, பொத்துவில் தாண்டி, காட்டுப் பாதை தொடங்குகிற உகந்தை வரை அந்தச் சொல் வந்தது. பிறகு காடு. காட்டுக்குள் போன் வேலை செய்யாது என்று தெரிந்தும் ஒவ்வொரு காலையும் போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் நின்றேன். கணவர் என்னை ஏசினார், நான் அவரை ஏசினேன். ஆறாம் நாள் மத்தியானம் கதிர்காமத்திலிருந்து அழைத்தார். பின்னால் ஒரே அரோகராச் சத்தம்.

"ஏணையை உகந்தையிலயே குடுத்திட்டன்" என்றார் முதல் வார்த்தையாக; தொங்குபடுக்கைக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்திக்குக் கால் வீங்கிவிட்டதாம், தங்கி ஆறிப் பின்னால் வரும் குழுவோடு வரப் போகிறாளாம், காலை உயர்த்தி வைக்கவேண்டுமாம். "அப்ப நீங்கள் எங்க படுத்தனீங்கள்?"

"நிலத்திலதான்."

"ஆர் எழுப்பினது?"

அரோகராச் சத்தம் குறைந்த பக்கமாக நகர்ந்துவிட்டுச் சொன்னார்.

"ஒவ்வொரு விடியவும் ரெண்டு பேர் வந்து தூக்கினவை, மச்சாள். தூக்கி விட்டிட்டுத் தங்கட பாட்டில நடந்து போனவை. நான் பாத்துக்கொண்டே நிண்டனான். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."